புது டிவியில் பழைய பிளேஸ்டேஷன் ஏன் திக்குகிறது?

வந்த கேள்வி இது: "அண்ணா, என்னிடம் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ இருக்கிறது, 2018-ல் வாங்கியது. இதுவரை 32 இன்ச் எல்சிடி டிவியில் ஆடினேன். போன மாதம் 55 இன்ச் 4கே ஓஎல்இடி டிவி வாங்கினோம். அன்றிலிருந்து காட் ஆஃப் வார் வெட்டி வெட்டி ஓடுகிறது. கேமராவைத் திருப்பினால் கண் வலிக்கிறது. ஸ்பைடர்மேனில் வேகமாகத் தாவும்போது அவ்வப்போது ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு ஓடுகிறது. சர்வீஸ் கடையில் போர்டு போய்விட்டது, மாற்ற 8,000 ரூபாய் என்கிறார்கள். மாற்றலாமா?"

போர்டை மாற்றாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வதைப் படித்தால் ஒரு நோய் இல்லை, இரண்டு நோய் தெரிகிறது. ஒன்று டிவியும் கேமின் செட்டிங்கும் சேர்ந்து செய்வது. இன்னொன்று ஹார்ட் டிஸ்க். இரண்டுக்கும் போர்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போர்டு பழுதானால் அது காட்டும் முகம் வேறு. திரையில் கோடு கோடாக வரும், வண்ணத் திட்டுகள் சிதறும், கேம் பிழைச் செய்தி காட்டி மூடிக்கொள்ளும், கன்சோல் பாதியில் தானாக அணையும், இல்லையென்றால் படமே வராது. கிராபிக்ஸ் சிப் பழுதாகிவிட்டு, ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காக வரைந்துகொண்டு, கொஞ்சம் மெதுவாக மட்டும் வேலை செய்வது என்பது நான் பார்க்காத ஒன்று. அதிலும் டிவி மாற்றிய அன்றிலிருந்து என்று நீங்களே தேதி சொல்கிறீர்கள். டிவி மாறியதால் போர்டு பழுதாகாது.

முதலில் ஒரு கணக்கு பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். பிஎஸ்4-லிருந்து வரும் படத்தை உங்கள் டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. 60 ஃப்ரேமில், அதாவது நொடிக்கு 60 படத்தில், ஓடும் கேம் ஒவ்வொரு முறையும் புதுப் படம் கொடுக்கும். 30 ஃப்ரேமில் ஓடும் கேம் ஒரே படத்தை இரண்டு முறை காட்டும், ஆகவே ஒரு படம் 33.3 மில்லிசெகண்ட் நிற்கும். பிஎஸ்4-ல் வந்த பெரிய கேம்களில் பெரும்பாலானவை 30-க்குப் பூட்டப்பட்டவைதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஹொரைசன் ஸீரோ டான், நீங்கள் சொல்லும் ஸ்பைடர்மேன் எல்லாம் அப்படி. அது பழுது இல்லை, செய்தவர்களே தீர்மானித்த அளவு.

இப்போது உங்கள் டிவிக்கு வருவோம். 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். கேமராவைத் திருப்பும்போது ஒரு மரம் ஒரு நொடியில் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகிறது என்று வையுங்கள். 30 ஃப்ரேமில் அந்த மரம் ஒவ்வொரு படத்துக்கும் 4 சென்டிமீட்டர் தாவுகிறது. உங்கள் பழைய 32 இன்ச் திரையின் அகலம் 71 சென்டிமீட்டர். அதே மரம் அங்கே இரண்டேகால் சென்டிமீட்டர் சொச்சம்தான் தாவும். அதே சோபா, அதே தூரம், ஆனால் தாவல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

அதோடு ஓஎல்இடி. எல்சிடியில் ஒரு புள்ளி நிறம் மாறப் பல மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு படம் அடுத்த படத்தோடு கொஞ்சம் குழைந்துவிடும். அந்தக் குழைவு ஒரு குறைதான், ஆனால் 30 ஃப்ரேமில் அதுவே ஒரு மெத்தை மாதிரி வேலை செய்தது. ஓஎல்இடி புள்ளி ஒரு மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும். படம் சட்டென்று வந்து, 33 மில்லிசெகண்ட் துளியும் அசையாமல் நின்று, சட்டென்று அடுத்ததுக்குத் தாவும். நல்ல டிவி என்பதால்தான் வெட்டு தெரிகிறது. டிவியை மாற்ற வேண்டியதில்லை, அதற்கேற்றபடி கேமை வைக்க வேண்டும்.

காட் ஆஃப் வாரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. 2018-ல் வந்த அந்தக் கேமில் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள்: ஒன்று தெளிவுக்கு முன்னுரிமை, இன்னொன்று வேகத்துக்கு முன்னுரிமை. தெளிவைத் தேர்ந்தால் 4கே-க்கு ஏற்றபடி வரைந்து 30-ல் பூட்டி வைக்கும். வேகத்தைத் தேர்ந்தால் 1080பி என்ற குறைந்த தெளிவுக்கு இறங்கி, பூட்டைக் கழற்றிவிடும். பெயரைப் பார்த்து எல்லாரும் வேகத்தையே தேர்வார்கள், நீங்களும் அதைத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ப்ரோவால் அதை 60-ல் நிறுத்த முடிவதில்லை. பெரும்பாலும் நாற்பதுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 60 முறை புதுப்பிக்கும் டிவியில் 45 படத்தைச் சமமாகப் பங்கிட வழியே கிடையாது. ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 33.3, மறுபடி 16.7, 16.7, 33.3 என்று தாளம் தப்பி வரும். சராசரி 45 என்றாலும் கண்ணுக்கு அது 30-ஐவிட மோசமாகத் தெரியலாம். நமக்கு உறுத்துவது மெதுவு மட்டும் இல்லை, சீர் இல்லாமைதான் அதிகம் உறுத்தும்.

ஆகவே இன்று இரவே செய்ய வேண்டிய முதல் வேலை: கேமுக்குள் இருக்கும் செட்டிங்ஸில் தெளிவு முறைக்கு மாற்றி அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் கனமாக இருக்கும். அப்புறம் கண் பழகிவிடும். கேமராவைத் திருப்பும் வேகத்தையும் ஒரு படி குறையுங்கள், மேலே சொன்ன 4 சென்டிமீட்டர் தாவல் அந்த அளவுக்குக் குறையும். மோஷன் ப்ளர், அதாவது அசையும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும் செட்டிங், இருக்கும் கேம்களில் அதை அணைத்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஓஎல்இடியில் 30 ஃப்ரேம் கேமுக்கு அதை அணைக்காமல் இருப்பதே நல்லது. எல்சிடி கொடுத்த குழைவைக் கேமே வரைந்து கொடுக்கிறது, வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, போன் போதும். ஸ்லோமோஷனை நொடிக்கு 240 ஃப்ரேமில் வையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் நாலு புத்தகத்தின் மேல் சாய்த்து நிறுத்துங்கள். கேமில் ஓர் இடத்தில் நின்று, வலது குச்சியை ஒரே அளவில் தள்ளிப் பிடித்துக் கேமராவைச் சுற்றுங்கள், ஐந்து நொடி எடுத்தால் போதும். அந்த வீடியோவைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து, ஆங்கில வரிசையில் ஐந்தாவது எழுத்தான ஈ-யைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும்.

திரையில் ஒரு பொருளின் விளிம்பைக் கவனியுங்கள், ஒரு தூணின் ஓரம் மாதிரி. எத்தனை தட்டலுக்கு ஒரு முறை அது இடம் மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். எப்போதும் அதே இடத்தில் கண்ணை வையுங்கள், ஏனென்றால் டிவி மேலிருந்து கீழாகப் படத்தை மாற்றும், மேல் பாதி மாறிக் கீழ்ப் பாதி மாறாத ஃப்ரேம்கள் நடுவில் வரும். நாலு தட்டலுக்கு ஒரு முறை என்றால் அது 60. எட்டு, எட்டு, எட்டு என்று வந்தால் சீரான 30. நாலு, எட்டு, நாலு, நாலு, எட்டு என்று வந்தால் நான் மேலே சொன்ன தாளம் தப்பிய ஓட்டம். எட்டு, எட்டு என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று ஐம்பது அறுபது தட்டலுக்கு அசையாமல் நின்றால் அது உறைதல், அதற்குக் காரணம் வேறு. ஒன்று கூடக் குறைய வந்தால் கவலை வேண்டாம், போனும் டிவியும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. விலை குறைந்த சில போன்களில் 240 என்று எழுதியிருந்தாலும் பாதி ஃப்ரேம் போனே இட்டுக்கட்டியது. ஒரு காட்சி இரண்டு படம் கலந்த மாதிரி பேய் உருவமாகத் தெரிந்தால் அந்தப் போனை நம்பாதீர்கள்.

கன்சோலின் ஷேர் பட்டனில் பதிவாகும் வீடியோவை வைத்து எண்ணக் கூடாது. பிஎஸ்4 அதை 30 ஃப்ரேமில்தான் பதிவு செய்கிறது, பாதி ஃப்ரேமும் தாளப் பிசகும் அதில் தொலைந்துவிடும். கடைக்காரருக்குக் காட்டுவதாக இருந்தாலும் போனில் எடுத்ததையே காட்டுங்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா, எல்லாருக்குமா என்று பார்ப்பது. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி என்ற பிரிட்டிஷ் குழு பல வருடங்களாகக் கன்சோல் கேம்களை ஃப்ரேம் ஃப்ரேமாக அளந்து வீடியோ போடுகிறார்கள். உங்கள் கேம், உங்கள் கன்சோல் மாடல் இரண்டையும் போட்டுத் தேடினால் அனேகமாகக் கிடைக்கும். அவர்கள் வரைபடத்தில் இறங்கும் அதே இடத்தில் உங்களுக்கும் இறங்கினால் உங்கள் கன்சோல் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ப்ளட்போர்ன் இதற்கு நல்ல உதாரணம். 2015-ல் வந்தது, 30-க்குப் பூட்டியது, ஆனால் படங்களை அனுப்பும் இடைவெளி சமமாக இருக்காது. எந்தக் கன்சோலில் போட்டாலும் அந்தச் சின்ன நடுக்கம் இருக்கும். எனக்கு உயிர் அந்தக் கேம், அந்த நடுக்கத்தோடுதான் முடித்தேன். சைபர்பங்க் 2077 இன்னும் பெரிய கதை. 2020 டிசம்பர் 10-ல் வந்தது, பிஎஸ்4-ல் ஓட்டம் அவ்வளவு மோசமாக இருந்ததால் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. அந்த வாரங்களில் தங்கள் கன்சோல் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

டிவியில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. கேம் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படத்தை வழுவழுப்பாக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். அது இரண்டு படத்துக்கு நடுவில் தானே ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைக்கிறது. சினிமாவுக்குப் பரவாயில்லை. கேமில், அதுவும் ஏறி இறங்கும் ஃப்ரேம் ரேட்டில், அதற்கே கணக்குத் தப்பி ஒரு நொடி வழுவழுப்பு, மறு நொடி வெட்டு என்று ஆகும். பட்டனை அழுத்தி வேலை நடக்கும் நேரமும் கூடிவிடும். எச்டிஎம்ஐ கேபிளை மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் பணத்தை வீணாக்க வேண்டாம். கேபிள் மோசமானால் படம் கறுத்துக் கறுத்து வரும், வெள்ளைப் புள்ளிகள் மின்னும். ஃப்ரேம் ரேட்டைக் குறைக்க கேபிளால் முடியாது.

கன்சோலிலும் ஒன்று செய்து பார்க்கலாம். 4கே டிவி என்றதும் ப்ரோ தானாக 2160பி-க்கு, அதாவது 4கே-க்கு, மாறியிருக்கும், சில கேம்கள் அதனால் கூடுதல் புள்ளிகளை வரைய ஆரம்பித்திருக்கும். செட்டிங்ஸில் சவுண்ட் அண்ட் ஸ்கிரீன் போய், வீடியோ அவுட்புட்டில் ரெசல்யூஷனை 1080பி ஆக்கிப் பாருங்கள். எல்லாக் கேமுக்கும் பலன் இராது, பலன் இருக்கும் இடத்தில் உடனே தெரியும். ப்ரோவில் பூஸ்ட் மோட் என்றும் ஒன்று உண்டு, 2017-ல் ஒரு அப்டேட்டில் வந்தது. ப்ரோவுக்கென்று திருத்தப்படாத பழைய கேம்களுக்கு அது உதவும். ஆனால் 30-க்குப் பூட்டிய கேமை அது 60 ஆக்காது, 30-க்குக் கீழே விழாமல் தாங்கும், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது நோய், ஸ்பைடர்மேனில் ஒரு கணம் நிற்பது. இதை நான் கொஞ்சம் கவலையோடு பார்க்கிறேன், ஏனென்றால் இதில் நீங்கள் ஆடிச் சேமித்து வைத்த சேவ் எல்லாம் போகும் அபாயம் இருக்கிறது.

உங்கள் ப்ரோவுக்குள் இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஸ்பைடர்மேன் மாதிரி கேமில் நகரம் முழுவதும் நினைவகத்தில் இருக்காது. நீங்கள் தாவத் தாவ அடுத்த தெரு டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் அலைந்து தேடினால் நேரத்துக்கு வந்து சேராது. அதற்காகவே அந்தக் கேமில் சில பொருட்களின் தரவு, தெருவோரத் தபால்பெட்டி மாதிரி சின்னப் பொருட்கள்கூட, டிஸ்க்கில் 400 தடவை வரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது என்று பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் நடத்திய விளக்கத்தில் சொன்னார். எந்தத் தெருவை எடுத்தாலும் அதற்கு வேண்டியது எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கட்டும் என்று. ஆரோக்கியமான டிஸ்க்குக்கே இவ்வளவு பாடு என்றால், ஏழெட்டு வருடம் சுற்றிய டிஸ்க்கில் ஒரு பகுதி படிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயன்றால் கேம் காத்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என் அக்கா மகன் வைத்திருந்த பிஎஸ்4-ல் இதே மாதிரி வந்தது. போனில் எடுத்து எண்ணியபோது எட்டு, எட்டு என்று சீராக வந்து, ஒரு தெரு முனையில் எழுபதுக்கு மேல் தட்டியும் அந்தத் தூண் நகரவே இல்லை. கன்சோல் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டோம். விசிறிச் சத்தத்துக்கு அடியில் டிக், டிக் என்று ஒரு சன்னமான ஒலி, படம் நின்ற அதே கணங்களில். அன்று இரவே சேவ் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்தோம். அடுத்த வாரம் அந்த டிஸ்க் திறக்கவே மறுத்துவிட்டது.

அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் சேவை எடுத்து வையுங்கள். செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் யுஎஸ்பிக்கு நகலெடுக்கலாம். அப்புறம் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள், நான் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருப்பேன். பின்னணியில் ஏதாவது டவுன்லோட் ஓடினால் நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்கள். கேமை நாட்கணக்கில் மூடாமல் ரெஸ்ட் மோடில் போட்டு எடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு முறை முழுவதும் மூடி, கன்சோலையும் அணைத்துத் திறங்கள்.

அடுத்தது டேட்டாபேஸைச் சீர் செய்வது. கன்சோலை முழுவதும் அணையுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் வரும், விடாதீர்கள், சுமார் ஏழு நொடியில் இரண்டாவது பீப் வரும், அப்போது விடுங்கள். சேஃப் மோட் திறக்கும். கன்ட்ரோலரை கேபிளில் செருகினால்தான் அங்கே வேலை செய்யும். ஐந்தாவதாக இருக்கும் ரீபில்ட் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுங்கள். கேமும் சேவும் அழியாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் அழித்துவிடும், கை தவறி அங்கே போகாதீர்கள். சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம், நடுவில் கரண்டைப் பிடுங்கக் கூடாது. இது டிஸ்க்கில் என்னென்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை. பட்டியல் குழம்பியிருந்தால் குணமாகும். டிஸ்க்கே தேய்ந்திருந்தால் ஆகாது.

ஆகவில்லை என்றால் அந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள்.  2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. ப்ரோவின் பின்பக்கம் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதை எடுத்தால் ஒரே ஒரு சாதாரண ஸ்க்ரூ, அதில் பிளேஸ்டேஷன் பட்டன்களின் நாலு உருவமும் பொறித்திருக்கும். அதைக் கழற்றி டிஸ்க்கை இழுத்தால் வந்துவிடும். கன்சோலின் உடலைத் திறக்க வேண்டியதே இல்லை. புது டிஸ்க்கில் சிஸ்டம் மென்பொருளை ஏற்ற வேண்டும். சோனி தளத்தில் இரண்டு கோப்பு இருக்கும், மறுநிறுவலுக்கான பெரிய கோப்பை எடுங்கள். சாதாரண அப்டேட் கோப்பை எடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள்தான் அதிகம். எஸ்எஸ்டி போட்டால் உறைதல் போகும், லோடிங் நேரம் நன்றாகக் குறையும். காட் ஆஃப் வார் 45-லிருந்து 60-க்கு ஏறாது, ஏனென்றால் அங்கே தாமதம் டிஸ்க்கில் இல்லை, வரைவதில்.

சூடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் அடுத்து அதைத்தான் சொல்வார்கள். பிஎஸ்4-ல் சூடு முதலில் விசிறிச் சத்தமாக வரும், அப்புறம் கன்சோல் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வரும், அதற்கு அப்புறம் அணைந்துவிடும். அந்த எச்சரிக்கை வந்தால் தூசி எடுத்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்ற வேண்டியதுதான். டிவி ஸ்டாண்டின் மூடிய அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். எச்சரிக்கையே வராதபோது, சுத்தம் செய்தால் ஃப்ரேம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிஎஸ்5 வாங்கும் யோசனை இருந்தால் உங்கள் காட் ஆஃப் வாருக்கு அதுதான் முழு மருந்து. 2021 பிப்ரவரியில் வந்த அப்டேட்டால் அதே பிஎஸ்4 கேம் அங்கே 60-ல் ஓடுகிறது, கேமுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். கேமை நீங்கள் டிஸ்க்காக வாங்கியிருந்தால் டிஸ்க் போடும் வாய் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாத மாடலில் இந்த டிஸ்க்கைப் போட இடம் இராது. அதற்கு முன்னால் அந்த ஐந்து நொடி வீடியோவை எடுத்து, எண்ணிய தாளையும் எனக்கு அனுப்புங்கள். காட் ஆஃப் வாருக்கு இரண்டு முறையிலும் ஒவ்வொன்று, ஸ்பைடர்மேனுக்கு ஒன்று.